இரவல் பெயர்

1905 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ரீஸ் ப்ராசர் தேவாலயத்துக்குப் போகாமல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சேற்று மைதானத்துக்கு வந்திருந்தார். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலைக் கூலிக்கு ஆடும் அணி ஒன்றில் அவர் மகன் இட்ரிஸ் ஆடினான், ஆனால் பில் கார்ட்டர் என்ற பெயரில். காசு வாங்கி ஆடுவது தெரிந்தால் கல்லூரியில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். சனிக்கிழமைதோறும் கல்லூரி அணிக்காக அவன் ஆடும் ஆட்டத்துக்கு டிக்கெட் விற்றுக் கல்லா கட்டுகிற யோக்கியர்கள்தான் அவர்களும்.

"என்ன ஆனாலும் என் பேரை மட்டும் வாயில எடுத்துடாதீங்கப்பா" என்று காலையில் சத்தியம் வாங்கியிருந்தான்.

இரண்டாம் பாதியில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியவன் மேல் ஐந்தாறு பேர் விழுந்தார்கள். எல்லாரும் எழுந்தார்கள்; அவன் எழவில்லை.

அணியின் மேலாளர் தகரக் குழாயை வாயில் வைத்துக் கத்தினார்: "கார்ட்டரோட ஆளுங்க யாராச்சும் இருக்கீங்களா?"

ரீஸ் பாதி எழுந்தார். சத்தியம் நினைவுக்கு வர, உட்கார்ந்துவிட்டார்.

"பொய்ப் பேரா இருக்கும்" என்றான் பக்கத்தில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தவன். "அடிபட்டுக் கிடந்தா ஏன்னு கேக்க நாதியில்ல, பாருங்க பெரியவரே."

ரீஸ், மகனின் கால் அசைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் குனிந்து பார்த்தார். பிறகு கம்பளியை இழுத்து முகத்தையும் மூடினார்.

இனி எந்தக் கல்லூரியும் அவனை வெளியே அனுப்ப முடியாது. ரீஸ் எழுந்து நின்று, மைதானம் முழுக்கக் கேட்கும்படி மகனை அவன் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.