நான் பார்த்தால் தோற்கும்

நான் சூதாடி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ரேஸ்' என்று வாயைத் திறந்தாலே போதும், வீட்டை விற்றவன், அண்டா குண்டாவை அடகு வைத்தவன் என்று ஆளாளுக்கு ஒரு கதையோடு வந்துவிடுகிறார்கள். நாங்கள் போனது மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நானும் என் மனைவியும். மூன்று பந்தயம், பந்தயத்துக்கு ஒரு டிக்கெட், அதுவும் இருப்பதிலேயே சின்ன டிக்கெட். ஜெயித்தால் டாக்சியில் வீடு, தோற்றால் பஸ். பெரும்பாலும் பஸ்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைப்பது என் வேலை. முன்பக்கம் குளிர்சாதனம், நிலைக்கண்ணாடி, சிரித்துப் பேசுகிற பெண்கள். பின்னறையில் இரண்டு இயந்திரமும் ஒரு தண்ணீர்க் குழாயும் நானும். முப்பது வருஷமாக அங்கேதான் பிழைப்பு. அவள் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போட்டாள். ஒரு நாளைக்கு நூற்றிருபது படுக்கை விரிப்பு, எல்லாம் நின்றபடியே. அதனால்தான் ரேஸுக்குப் போனால் முதல் வேலையாக சிமென்ட் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொள்வாள். "குதிரை ஓடட்டும், நான் இன்னிக்கு ஓடமாட்டேன்" என்பாள்.

நான் வாரம் முழுக்க ரேஸ் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வருவேன். எந்தக் குதிரைக்கு எவ்வளவு பாரம், எந்த ஜாக்கிக்கு எந்தக் குதிரை சொன்னபடி கேட்கும், மழை பெய்த தரையில் எது வழுக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. அவள் அதில் ஓர் எழுத்துப் படிக்கமாட்டாள். பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளைச் சுற்றி நடத்திக்கொண்டு வருவார்களே, அப்போது கம்பி வேலி ஓரமாகப் போய் நின்று ஒரு பார்வை பார்ப்பாள்.

"அந்த நாலாம் நம்பரைப் பாருங்க. லீவு குடுக்காம வேலைக்கு வரச்சொன்ன மூஞ்சி. அது ஓடாது."

ஓடாது.

"எட்டு நல்லாத் தூங்கி எழுந்திருக்கு."

எட்டு ஜெயிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று அவள் வீட்டார் கல்யாணத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள், தெரிந்தேதான் கொடுத்தார்கள்.

ஒரு தடவை சரியாகப் பந்தயம் ஆரம்பிக்கிற நேரத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஓடினேன். திரும்பி வந்தால் நான் கட்டிய குதிரை ஜெயித்திருந்தது. அதற்கு முன் ஆறு மாதமாக நான் கட்டிய ஒன்றும் உருப்பட்டதில்லை. அடுத்த பந்தயத்தை உட்கார்ந்து கண்ணாரப் பார்த்தேன். கடைசி வளைவு வரைக்கும் முன்னால் வந்த என் குதிரை, திடீரென்று ஏதோ யோசனை வந்ததுபோல் தளர்ந்து ஐந்தாவதாகப் போய்ச் சேர்ந்தது.

"போதும் சாமி!" என்று எழுந்துவிட்டாள். "நீங்க பார்த்தா பச்சை மரமும் பட்டுப்போகும். அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க!"

மூன்றாவது பந்தயத்துக்கு ஓட்டப்பாதைக்கு முதுகைக் காட்டி நின்றேன். குதிரை ஜெயித்தது. டாக்சியில் வீட்டுக்குப் போனோம். அன்றோடு அது சட்டமாகிவிட்டது.

பதினான்கு வருஷம் அப்படித்தான் ரேஸ் பார்த்தேன். எனக்கு எதிரில், ஒரு படி மேலே அவள் நிற்பாள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "கிளம்பிட்டாங்க... நம்மது நடுவுல மாட்டிக்கிச்சு... ஐயோ, வழி விடுங்கடா... வருதுங்க, வருது, ஓரமா வருது!" என்று கத்துவாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். புருவம் ஏறினால் குதிரை முன்னால் போகிறது, உதட்டைக் கடித்தால் பின்தங்குகிறது. பக்கத்துப் படிக்காரர்களிடம், "ஊருக்கெல்லாம் பார்வை குடுக்கிற மனுஷன், இவருக்குப் பார்க்கக் குடுத்துவைக்கலை" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு அது எந்தச் சனிக்கிழமையில் விளையாட்டாக இல்லாமல் போனது என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரியாமல் இரண்டு தடவை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டும் தோற்றன. அதன்பிறகு சத்தியமாக நான் திரும்பவே இல்லை.

போன வருஷம் அவளுக்கு வயிற்றில் வலி வந்தது. வந்தது என்று எனக்குத் தெரியாது. ஏழு மாதம் என்னிடம் மறைத்திருக்கிறாள். வேலைக்கு நடுவில் மேசையில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்பாளாம், கூட வேலை செய்கிற பெண்கள் சொல்லித்தான் பிறகு தெரிந்தது. ஒரு நாள் அங்கேயே சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். குடலில் கட்டி, பெரியது, உடனே அறுவை சிகிச்சை செய்யவேண்டும் என்றார் டாக்டர். "எவ்வளவு நாளா வலி?" என்று அவர் கேட்டதற்கு அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஏழு மாசம்" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், ஒன்றும் பார்க்கவில்லை.

"ஏழு மாசமா வாயில என்ன கொழுக்கட்டையா? நான்னு ஒருத்தன் எதுக்கு இருக்கேன்? இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதே!"

அப்படித்தான் சொன்னேன். பயத்தில் வந்த பேச்சு அது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வாயில் வரும், இது அவளுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கே அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கதவு மூடியாகிவிட்டது.

அறுவை சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரை பார்க்கலாம். ஒருவர் மட்டும், பத்து நிமிஷம். முதல் நாள் நான் போனேன். வாயில் குழாய், கையில் குழாய், கண் மூடியிருந்தது. நான் கட்டிலருகே போய் அவள் முகத்தைப் பார்த்ததுதான் தாமதம், தலைமாட்டில் இருந்த இயந்திரம் கத்த ஆரம்பித்தது. ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே தள்ளினார்.

இரண்டாம் நாள் எங்கள் மகள் போனாள். வெளியூரில் வேலை, லீவு போட்டு வந்திருந்தாள். பத்து நிமிஷம் கழித்து வந்து, "பரவாயில்லைப்பா, அம்மா என் கையைப் பிடிச்சாங்க" என்றாள். மூன்றாம் நாள் நான் உள்ளே போகாமல், கதவில் இருக்கிற கண்ணாடி வழியாக மட்டும் எட்டிப் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதே சத்தம். இரண்டு நர்ஸ்கள் ஓடினார்கள்.

நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அந்த இடத்தில் நின்று பார்த்தால் தெரியும். நான் பார்த்தால் தோற்கும்.

மறுநாளிலிருந்து நாலு நாள், நாலு மணிக்குப் போய் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். உள்ளே பார்க்கமாட்டேன், ஆனால் அவளை விட்டுத் தள்ளிப் போகவும் மனசு வராது. கதவோரமாகவே நிற்பேன். மகளை உள்ளே அனுப்புவேன். அவள் வெளியே வரும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன்.

"அப்பா, இன்னிக்காவது நீங்க போங்கப்பா."

"நீ போம்மா. நீ போனாத்தான் தேறுது."

தேறியது ஐயா! அதுதான் கொடுமை. குழாயை எடுத்தார்கள். இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். பேசினாள். மகள் ஒவ்வொரு நாளும் ஒரு நல்ல சேதியோடு வந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். கடைசி வளைவு திரும்பியாகிவிட்டது, இன்னும் கொஞ்ச தூரம்தான், இப்போது போய்த் திரும்பிப் பார்த்துக் கெடுத்துவிடாதேடா மடையா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நாலு நாளில் கடைசி நாள் நர்ஸ் வெளியே வந்து என் எதிரில் நின்றார்.

"நீங்கதானே அவங்க வீட்டுக்காரரு? தினம் இங்கேயே நிக்கிறீங்க, உள்ள வரமாட்டேங்கிறீங்க. ஒரு நிமிஷம் வந்து மூஞ்சியைக் காட்டிட்டுப் போங்களேன். அவங்க கேக்கறாங்க."

"நாளைக்கு வார்டுக்கு மாத்திடுவீங்களாமே சிஸ்டர். அங்க வந்து நாளெல்லாம் உக்காந்து பார்க்கிறேன்னு சொல்லுங்க."

"ஒரு நிமிஷம்தான் சார்."

"நாளைக்கு" என்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, வார்டுக்கு மாற்றக் கட்டிலைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து நாலே நிமிஷத்தில் போய்விட்டாள். நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன். ஷேவ் பண்ணிக்கொண்டு, அவளுக்குப் பிடித்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். பிறகுதான் பார்த்தேன். ஆசை தீரப் பார்த்தேன், யாரும் தடுக்கவில்லை. ஒரு இயந்திரமும் கத்தவில்லை.

ஒரு வாரம் கழித்து மகள் ஊருக்குக் கிளம்பப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக என்னோடு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. துணியை மடித்தபடியே கேட்டாள்.

"ஏம்ப்பா உள்ள வரலை?"

சொன்னேன். முதல் நாள் இயந்திரம் கத்தியது, மூன்றாம் நாள் கத்தியது, ரேஸ், சட்டம், எல்லாம். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது என்னவோபோல் இருந்தது. அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

"இதுக்காகவாப்பா?"

"நான் பார்த்து ஏதாவது ஆயிட்டா என்னம்மா பண்ணுவேன்?"

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள்.

"அம்மா கட்டில் கதவுக்கு நேரா இருந்துச்சுப்பா. கண்ணாடியில உங்க முதுகு தெரியும். நாலு நாளும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கிட்டேதான் படுத்திருந்தாங்க. பேச முடிஞ்சதும் முதல்ல என்ன கேட்டாங்க தெரியுமா? 'உங்கப்பாவுக்கு இன்னும் கோவம் ஆறலையாடி?'ன்னு கேட்டாங்க. 'மூஞ்சியில முழிக்காதேன்னாரு. வந்துட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு நிக்கிறாரே'ன்னாங்க."

அவள் கீழே போட்ட துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"கடைசி நாள் சிஸ்டரை அனுப்பிட்டு, தலையை வாரிவிடச் சொன்னாங்க. நீங்க வருவீங்கன்னு. சிஸ்டர் வந்து 'நாளைக்கு வர்றாராம்'னு சொன்னதும், 'மறைச்சது என் தப்புதான், அவரு கோவத்துல நியாயம் இருக்கு'ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொல்லாதேன்னாங்கப்பா. 'நீ சொல்லி வரவேண்டாம், தானா வரட்டும்'னாங்க. நானும் நீங்க கோவமாத்தான் இருக்கீங்கன்னு நினைச்சேன்." அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "நீங்க என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா. இதுதான் விஷயம்னு. நான் உள்ள போய் அம்மாகிட்ட சொல்லியிருப்பேன். அம்மா சிரிச்சிருப்பாங்கப்பா."

சிரித்திருப்பாள். தையல் பிரிந்துவிடும், சிரிக்காதீங்கம்மா என்று நர்ஸ் வந்து அதட்டுகிற அளவுக்குச் சிரித்திருப்பாள்.