எந்தக் கால், அத்தான்?

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து விடுகிறவர்களுக்கா பஞ்சம்? அறுபத்தொன்றாம் வருஷத்து ஆடிச் சாரலில் அருவிக்கரை முழுக்க அவர்கள்தான். வந்தவன் யாராயிருந்தாலும் குப்புறப் போட்டுப் பட்பட்டென்று நாலு சாத்து. எழுந்து போ, அடுத்த ஆள் வா! வடகரை நல்லகண்ணு மட்டும் அப்படியில்லை. என்ன வேலை, எந்தப் பக்கம் படுப்பீர், எதை நினைத்தால் தூக்கம் கெடுகிறது என்று சம்பந்தி வீட்டார் மாதிரி விசாரித்த பிறகுதான் எண்ணெயையே தொடுவார்.

அன்று காலை தென்காசியிலிருந்து ஒரு நெசவாளி நொண்டிக்கொண்டு வந்து பாறையில் உட்கார்ந்தான்.

"தறிக்குழில மிதிச்சு மிதிச்சு இடது தொட இறுகிப் போச்சு அண்ணாச்சி. சாயந்தரம் தாவணும்."

விரல் வைத்ததுமே நல்லகண்ணுவுக்குத் தெரிந்துவிட்டது. தொடையில் முடிச்சு. தோள் அதைவிட இறுக்கம். தொடை இறுகியது வேலையில், தோள் இறுகியது பயத்தில்.

"எதுக்குடே பயப்படுதே?"

"வடகரைக்காரனுவளோட சடுகுடு. எங்க பக்கம் பாடிப் போறது நாந்தான். பேரு மசூது."

அடப்பாவி! நல்லகண்ணுவின் கை அப்படியே நின்றது. வடகரை அணிக்குத் தலைவன் அவருடைய மச்சினன் முத்துராமலிங்கம். போன வருஷம் விட்ட கோப்பைக்காக ஊரே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. மேலோட்டமாகத் தடவி அனுப்பிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? யோசித்தார்தான், பொய் சொல்வானேன். ஆனால் விரலுக்கடியில் முடிச்சு துடிக்கும்போது கை கேட்க வேண்டுமே!

முதலில் பிடரியையும் தோளையும் பதமாக நீவினார். பேசிக்கொண்டே கிடந்த மசூது குறட்டை விட்டான். அப்புறம் தொடைக்கு வந்தார். அருவியில் நின்றுவிட்டு வந்தவன் முகத்தில் பயம் இருந்த சுவடே இல்லை. பாறைக்குப் பாறை தாவிக் காட்டினான், கிறுக்கன்.

சேதி ஊருக்குள் போகாதா? ஆட்டத்துக்கு முன்னால் முத்துராமலிங்கம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், மசூது உம்மகிட்ட வந்தானாமே! எந்தக் கால்ல கோளாறு? சொல்லும், அதப் பிடிச்சு அமுக்கிருதோம்."

"சொல்ல மாட்டேம்லே."

"நம்ம ஊருய்யா!"

"ஊருதாம்லே. ஆனா எங்கிட்ட ஒடம்பக் குடுக்கவன் ரகசியத்தையும் சேத்துத்தான் குடுக்கான்."

"வெளங்கிரும்! இரும், அக்காகிட்ட சொல்லுதேன்."

ஆட்டம் கடைசிப் பாட்டு வரைக்கும் சமமாகவே நின்றது. மசூது "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டு நுழைந்தான். ஒருவனைத் தொட்டான். முத்துராமலிங்கம் இடுப்புக்குப் பாய்ந்தான். மசூது இடது காலை ஊன்றி எம்பினானே பார்க்கலாம்! முத்துராமலிங்கத்தின் தலைக்கு மேலே பறந்து கோட்டைத் தாண்டி விழுந்தான்.

"அப்படிப் போடு!"

வடகரையே திரும்பிப் பார்த்தது. கத்தியது நல்லகண்ணு. வேட்டி அவிழ்ந்தது கூடத் தெரியாமல் குதித்துக்கொண்டிருந்தார். அவர் நீவிய தொடையல்லவா! அதன் பிறகுதான் தோற்றது தன் ஊர் என்பது உறைத்தது. பக்கத்தில் ஒரு ஈ காக்கை கூட நிற்கவில்லை. இன்றைக்கு வீட்டில் சோறு கிடைத்த மாதிரிதான் என்று வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

முத்துராமலிங்கம் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். பாய்ந்து விழுந்த வேகத்தில் நல்ல அடி. திட்டப் போகிறான் என்று நல்லகண்ணு நின்றார். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அத்தான், நாளைக்கு எனக்கும் கொஞ்சம் நீவி விடும்."

"வாலே."

"அடுத்த வாரம் புளியறைக்காரனுவளோட ஆட்டம் இருக்கு. எந்தத் தோள்னு மட்டும் ஒருத்தன்கிட்டயும் சொல்லிராதேயும்."