கோட்டைக்கு ஒரு நிலைப்படி

"நல்லபடியா ரெண்டு வார்த்தை பேசுவேன்னு சொல்லு. அப்பதான் தூக்கிவிடுவேன்."

பெனிஸ்டன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். எதிரே சக்கர நாற்காலியில் அவன் அக்கா ஜெபசுதா பட்டுச்சேலை கட்டி, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவே அந்த வீட்டின் நிலைப்படி கிடந்தது. முக்கால் சாண் உயரம், நல்ல தேக்கு.

வீட்டைக் கட்டியவர் அவர்களுடைய அப்பா. நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து குடியேறிய வாத்தியார். இளம்பிள்ளைவாதத்தில் கால்கள் போன மகளுக்காக, தெரு வரைக்கும் முற்றத்தை மண் கொட்டி மேடாக்கி, சிமெண்டு பூசி வழவழவென்று வைத்தார். நிலைப்படியை மட்டும் தொடவில்லை. அது பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி வைத்த நிலை. அதை எடுத்தால் வீட்டின் ஆசீர்வாதம் வெளியே ஓடிவிடும் என்று வேதாகமத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. ஆனாலும் அந்தக் குடும்பம் அதை வேதவாக்கைவிடக் கெட்டியாக நம்பியது. ஆசீர்வாதம் உள்ளேயே இருந்தது. கூடவே ஜெபசுதாவும் உள்ளேயே இருந்தாள்.

அப்பா போன பிறகு, காலையில் அவளைப் படி தாண்டித் தூக்கிவிடுவதும் சாயங்காலம் உள்ளே தூக்கி வைப்பதும் பெனிஸ்டனின் வேலை. நல்ல தம்பி, ஒருநாளும் தவறியதில்லை. அதைச் சொல்லிக்காட்டவும் தவறியதில்லை.

"யாரைப் பத்தி நல்லபடியா பேசணும்?" என்றாள் ஜெபசுதா.

"தெரியாத மாதிரி கேக்காத. டெரன்ஸ் சாரைப் பத்திதான். ஜூன் மாசம் எங்க ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் சீட்டு காலியாவுது. இன்னைக்கு விழால மைக்கு கெடைச்சுதுன்னு நீ அங்கன எதையாவது குத்திப் பேசி வெச்சேன்னா, நான் கடைசி வரைக்கும் கணக்கு வாத்தியாதான்."

"சரிலே. நான் குத்திப் பேச மாட்டேன். தூக்கு."

அவன் தூக்கினான். அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி பிரேமா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

விழா நடந்த இடம் கடற்கரையில் உள்ள உலாந்தா கோட்டை. ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்கள் காலத்துக் கோட்டை, இப்போது அருங்காட்சியகம். முத்துக்குளிப்புக் காலத்துச் சாமான்களை உள்ளே வைத்திருக்கிறார்கள். பெண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்தும் ஜெபசுதா, ஒரு வருஷம் தன் மாணவிகளை அங்கே கூட்டிப்போனாள். செங்குத்தான படிக்கட்டுக்கு முன்னால் அவள் தயங்கியபோது, நாலு ஆம்பிளைகள் ஓடி வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். ஒருவன் கை போகக்கூடாத இடத்துக்குப் போனது. இன்னொருவன் மனிதநேயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். மறுநாள் படம் பத்திரிகையில் வந்தது. அன்று அவள் அழுத அழுகை பிரேமாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் மாணவிகள் வேறொரு டீச்சருடன் உள்ளே போனார்கள். ஜெபசுதா வெளியே பூவரச மரத்தடியில் இருந்து, உள்ளே என்னென்ன பார்க்க வேண்டும் என்று பாடம் நடத்தினாள். "டீச்சர், நீங்க வரலையா?" என்று கேட்ட பிள்ளைகளிடம், "என் சக்கரத்துலயே போற அன்னைக்கு வாரேன்" என்றாள். அது வீம்பு என்று ஊர் சொன்னது. வீம்புதான். மானத்தை வைத்திருக்கிறவர்களுக்கு அதுவும் கொஞ்சம் வேண்டியிருக்கிறது.

கோட்டைக் குழுவின் தலைவர் டெரன்ஸ். உப்பள முதலாளி, பெனிஸ்டன் வேலை பார்க்கும் மெட்ரிக் பள்ளியின் தாளாளர். கலியாண வீட்டில், கோயில் அசன விருந்தில், வங்கி வரிசையில் என்று எங்கே கண்டாலும் ஜெபசுதா அவரிடம் சரிவுப்பாதை கேட்டாள். தொல்லை தாங்காமல் அவரும் சம்மதித்தார். கோட்டையின் பக்கவாட்டில் புதிதாக ஒரு வாசல் திறந்து, அதற்கு ஏறிப்போக அழகான சரிவுப்பாதை போட்டார்கள்.

வரைபடம் போட்ட இன்ஜினியர் சுதர்சனம் ஆழ்வார்திருநகரிக்காரர், படித்தவர். அவர் வரைபடத்தில் நிலைப்படி கிடையாது. கட்டிய காண்டிராக்டர் ஜோன்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், வாசல் வைக்கச் சொல்லுதிய, நிலைப்படியக் காணோம்? மாட்டுத்தொழுவத்துக்குக்கூட நான் படி இல்லாம வாசல் வெச்சதில்ல" என்றார். சுதர்சனம் ஒரு நிமிஷம் யோசித்தார். "வாஸ்தவந்தான். மறந்தே போய்ட்டேன் பாருங்கோ" என்றார். இப்படியாக, சக்கர நாற்காலிக்காகத் திறந்த வாசலில் முக்கால் சாண் உயரத்துக்கு ஒரு நிலைப்படி ஏறி உட்கார்ந்தது. நல்ல நாள் பார்த்து வைத்தார்கள். மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், ஜோன்ஸ் ஒரு ஜெபமும் செய்தார். எந்தச் சாமிக்கும் குறை வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் விழா. சிறப்பு விருந்தினர் டெரன்ஸ், ஜெபசுதா மரியாதைக்குரிய முதல் பார்வையாளர். எல்லோரும் புது வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்பதற்காகப் பழைய வாசலைப் பூட்டிவிட்டார்கள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு காவலாளி ரோச், விருந்தாளிகளுக்கு மக்ரூன் வாங்க பேக்கரிக்குப் போனார்.

டெரன்ஸ் தாமதமாக வந்தார். வந்ததும் ரெண்டு டம்ளர் இளநீர் குடித்தார். ரிப்பன் வெட்டினார். நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். குழுவினரும் அப்படியே போனார்கள். பின்னாலேயே ஜெபசுதா சரிவில் தன் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு ஏறினாள். இத்தனை வருஷமாக மரத்தடியில் இருந்து பார்த்த சுவர் கிட்டக்கிட்ட வந்தது. அவளுக்குப் பின்னால் மாணவிகள் இரண்டிரண்டு பேராகச் சரிவு நிறைய வந்தார்கள்.

டொக்கென்று சக்கரம் முட்டி நின்றது.

ஜெபசுதா குனிந்து பார்த்தாள். மஞ்சளும் குங்குமமுமாக நிலைப்படி அவளைப் பார்த்தது. வீட்டில் இருக்கும் படிக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி இருந்தது.

"ஒண்ணுமில்ல டீச்சர், சின்னப் படிதான்!" என்று உள்ளேயிருந்து டெரன்ஸ் சத்தம் கொடுத்தார். "ஏலே, நாலு பேர் வாங்கல. டீச்சரைத் தூக்குங்க."

ஆட்கள் வந்தார்கள். எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தது. ஜெபசுதா இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டாள்.

"யாரும் தொடாதீங்க."

"அக்கா!" என்று சரிவின் அடியிலிருந்து பெனிஸ்டன் கத்தினான். "வாக்குக் குடுத்துருக்க!"

"குத்தியா பேசுதேன்? தொடாதீங்கன்னுதானல சொல்லுதேன்."

ஒல்லாந்தர் சுவர் கனத்த சுவர். வாசல் குறுகலான வாசல். அதில் சக்கர நாற்காலி கார்க் போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டது. வெளியே இருப்பவர்கள் உள்ளே போக முடியாது, உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியாது. முதலில் இது யாருக்கும் உறைக்கவில்லை. டெரன்ஸுக்குத்தான் உறைத்தது. அவர் சர்க்கரை வியாதிக்காரர். குடித்த இளநீர் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. கழிப்பறையோ வெளியே, படகுத்துறைப் பக்கம் இருந்தது.

"டீச்சர், ஒரு நிமிஷம் பின்னால போறியளா? நான் வெளிய வரணும்."

"பின்னால பிள்ளைய நிக்கிதுவ சார்."

"பழைய வாசல்?"

"சாவி மக்ரூன் வாங்கப் போயிருக்கு" என்றார் யாரோ.

டெரன்ஸ் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். ஜெபசுதாவுக்கு அவர் மீது உண்மையாகவே இரக்கம் வந்தது. அடுத்தவர் நகர்ந்தால்தான் தான் நகர முடியும் என்று நிற்கும் ஆளின் அவஸ்தை அவளுக்குத் தெரியாததா?

"சார், கூச்சப்படாதீங்க" என்றாள். "அந்தப் பிளாஸ்டிக் சேரை உள்ள குடுக்கச் சொல்லுதேன். நீங்க உக்காருங்க. இந்த நாலு பேரும் உங்களைத் தூக்கி, என் தலைக்கு மேல வெளிய விட்டுருவாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் கை அங்கன இங்கன படும். பொறுத்துக்கிடணும். போட்டோ எடுக்க ஆளும் இருக்கு."

மாணவிகள் கொல்லென்று சிரித்தார்கள். டெரன்ஸ் நாற்காலியைப் பார்த்தார், நாலு பேரைப் பார்த்தார், அந்த நாலு பேரும் அவருடைய உடம்பைப் பார்த்தார்கள். அவர் முகம் செத்துப்போயிற்று.

"ஜோன்ஸ்! அந்தப் படிய எடும்வே!"

"நிலையையா? ஜெபம் பண்ணி வெச்சது அண்ணாச்சி…"

"இப்போ அறுக்கவே கூடாது" என்று சுதர்சனம் குறுக்கே விழுந்தார். "ராகுகாலம் நடக்கறது. நாலரைக்கு மேலே வேணா யோசிக்கலாம். இன்னும் அரைமணிதான்."

"அரைமணி என்னால தாங்காதுய்யா! ராகு இங்கனயா நிக்கான்? நாந்தான நிக்கேன்! அறுல!"

வெளியே நின்ற ஜோன்ஸ் ஸ்கூட்டரிலிருந்து ரம்பத்தை எடுத்து வந்தார். ஜெபசுதா பிரேக்கை விட்டு, அவருக்கு இடம் வேண்டிய அளவுக்கு மட்டும் பின்னால் போனாள். இரண்டு பக்கமும் அறுத்து, உளியால் நெம்பி எடுத்ததும் அடியில் மூன்று சாமான் தெரிந்தது. ஒரு மஞ்சள் துணி முடிச்சு. ஒரு சின்னப் பித்தளைச் சிலுவை. ஒரு முத்து.

சுதர்சனம் சிலுவையைப் பார்த்தார். ஜோன்ஸ் முடிச்சைப் பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. முத்து யாருடையது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. டெரன்ஸ் ஓடுகிற அவசரத்திலும் குனிந்து அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சக்கர நாற்காலியின் ஓரமாகப் புகுந்து சரிவில் இறங்கிப் போனார்.

ஜெபசுதா உள்ளே உருட்டிக்கொண்டு போனாள். யாரும் பிடிக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் முத்து சலிக்கும் பித்தளைச் சல்லடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பெரிய துளை மேலே, சின்னத் துளை கீழே. எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. இன்றுதான் கண்ணால் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே கடல் கிடந்தது. அவள் அழுதாள். இந்த முறை அதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

விழா முடிந்து பெனிஸ்டன் விருந்துக்குப் போய்விட்டான். தாளாளர் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததற்கு ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஜெபசுதா ஆட்டோவில் வீட்டு வாசலுக்கு வந்தபோது தூக்கிவிட ஆள் இல்லை. கூடவே ஸ்கூட்டரில் ஜோன்ஸ் வந்திருந்தார். அவள்தான் வரச் சொல்லியிருந்தாள்.

"தம்பி வரட்டும்மா. உங்கப்பா வெச்ச நிலை" என்று ஜோன்ஸ் இழுத்தார்.

பிரேமா அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். "மைனி, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க" என்றாள். பிறகு ஜோன்ஸிடம் சொன்னாள்: "அறுங்க அண்ணாச்சி. கலியாணமாகி வந்த அன்னைக்கே என் பெருவிரல் நகத்தைப் பேத்த படி இது. ஆசீர்வாதம் ஓடுனா ஓடட்டும். நான் பிடிச்சுக் கூட்டிட்டு வாரேன்."

பெனிஸ்டன் வீடு திரும்பியபோது எல்லோரும் தூங்கியிருந்தார்கள். வழக்கம்போல வாசலில் காலைத் தூக்கி வைத்தவன் தடுமாறி விழப் பார்த்தான். விருந்தில் சாப்பிட்டது ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தான்.

காலையில் பத்திரிகை வந்தது. கையில் ரம்பத்துடன் டெரன்ஸ் சிரித்துக்கொண்டிருந்தார். 'மாற்றுத்திறனாளி ஆசிரியைக்காகத் தன் கையாலேயே படியை அறுத்த தாளாளர்' என்று போட்டிருந்தது. படத்தில் ஜெபசுதா இல்லை. அவர் திரும்பி வந்து படத்துக்கு நின்ற நேரம் அவள் உள்ளே சல்லடை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெனிஸ்டன் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். பள்ளிக்கூட நேரம் ஆனதும் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு அக்காவின் அறைக்கு முன்னால் வந்து நின்றான். அறை காலியாக இருந்தது.

"ஏளா பிரேமா, அக்கா எங்க?"

"மைனி அப்பவே ஸ்கூலுக்குப் போயிட்டாங்க."

பெனிஸ்டன் மடித்த சட்டைக்கையோடு அவளையே பார்த்தான்.

"யாரு தூக்கிவிட்டா?"