எத்தனை பல்ப், எத்தனை பேர்

"வீட்டில் எத்தனை பேர்?" என்று சிங்களத்தில் கேட்டேன். கண்டி மஹய்யாவவில் அந்த வீட்டுக்காரி, டொரதி, மூன்று பேர் என்றாள்.

நான் மின்சாரக் கந்தோர் ஆள். மழை பொய்த்து மின்வெட்டு வந்த தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. நாடெங்கும் குண்டு பல்புகளை மாற்றி, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் புதுப் பல்புகளைக் கொடுக்க மேலிடம் தீர்மானித்திருந்தது. அதற்கு முதலில் வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். நல்ல வேலைதான். ஆனால் பொலிஸில் பதியாத வடக்குத் தமிழர் ஒருவர் தங்கியிருந்தாலே வீட்டுக்காரரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போன யுத்த காலம். படிவத்தோடு வந்து தலை எண்ணுகிறவனைப் பல்புக்காரன் என்று யார் நம்புவார்கள்?

"பின்னறையில் எத்தனை பல்ப்?" என்றதும் டொரதி திரைச்சேலைக்குள் தலையை நீட்டி, எனக்கு விளங்காது என்ற நினைப்பில் தமிழில் சொன்னாள்.

"கமலாசனி, பொலிஸ் ஆள் போல இருக்கு. ஆளுங்கள கணக்கு எடுக்குறான். கட்டிலுக்கு அடியில போயிரு."

"ஓம் அக்கா," என்றது உள்ளே ஒரு பெண்குரல். என் ஊர்க் குரல்.

நான் யாழ்ப்பாணத்தான். "பயப்படாதேங்கோ, பல்ப் கணக்குத்தான்" என்று சொல்ல மூன்று சொல் போதும். சந்தியில் துவக்கோடு நின்ற ஆமிக்காரரைச் சாட்டாகச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. கண்டியில் ஆறு வருஷமாக வெளியில் தமிழ் வராதபடி வாயைப் பழக்கி வைத்திருந்தேன். பின்னறைக்கு ஒன்று என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கணக்கெடுக்கக் கூட வந்த கந்தோர்க்காரன் ரத்னபால தெருவில் சிங்களத்தில் கேட்டான்: "அந்த மனுஷி நடுங்கினாள். தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சோதிலிங்கம்? அதற்காகத்தானே உன்னை இந்தத் தெருவுக்குப் போட்டார்கள்?"

அப்போதாவது திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

இரண்டு கிழமை கழித்து, புதுப் பல்போடு தனியாகப் போனேன். பின்னறையில் வெறுங்கட்டில் கிடந்தது.

"அக்கா, நானும் தமிழ்தான். அண்டைக்கே சொல்லியிருக்கோணும். வெக்கமாக் கிடக்கு. அந்தப் பிள்ளை எங்கை?"

டொரதி என்னையே பார்த்தாள். அன்று அவள் உள்ளே சொன்னதையெல்லாம் நான் விளங்கிக்கொண்டுதான் நின்றேன் என்பது அவளுக்குப் பிடிபட்டதைக் கண்ணால் கண்டேன். பயம் போகவில்லை, கூடியது. பல்பை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"அப்படி யாரும் இங்கே இருக்கவில்லை, மாத்தயா," என்றாள், சிங்களத்தில்.

கதவைச் சாத்தக்கூடப் பயந்து, நான் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள்.