பச்சைப் புள்ளி

விடுதி அறையில் இரண்டு பெண்கள். ஒருத்தியை எல்லாரும் வாயாடி என்பார்கள். இன்னொருத்தி தையல்காரம்மாவின் மகள். ஓயாமல் போனைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். அதில் எல்லாரும் சிரித்துக்கொண்டே இருக்க, தான் மட்டும் எதற்கும் லாயக்கில்லை என்று சுருங்கிப்போனாள்.

தேர்வுக்கு முந்தின விடுமுறையில் வாயாடி வீட்டுக்குக் கிளம்பினாள். இவள் தன் போனை அவள் பைக்குள் திணித்தாள்.

"நீயே எடுத்துட்டுப் போடி. பக்கத்துல இருந்தா நான் உருப்பட மாட்டேன்."

"அப்ப தினம் படம் அனுப்பிச் சேர்த்த உன் ஸ்ட்ரீக்?"

"தினம் எதையாவது படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிடு. ஒருநாள் விட்டாலும் அறுந்துடும். அப்புறம் என்னை யாரும் சீண்ட மாட்டாங்க."

"உன் மூஞ்சிக்குப் பதிலா எங்க வீட்டுச் சுவரை அனுப்பறேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

இருவரும் சிரித்தார்கள்.

"படிக்கிற நேரத்துல கூப்பிட்டு உயிரை வாங்காதே" என்று அம்மாவிடம் அவள் முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள். தையல்காரம்மாவும் கூப்பிடவில்லை. காலையில் மெஷின் முன் உட்கார்ந்ததும் போனைப் பார்ப்பாள். மகள் பெயரோரம், ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரியும். என் பொண்ணு எழுந்துட்டா என்று நிம்மதியாக மிதியில் கால் வைப்பாள்.

அந்தப் புள்ளியை எரியவைத்தது வாயாடி. அவள்மேல் கோபப்படாதீர்கள், கண்ணுகளா. சொன்னதைத்தான் செய்தாள்.

மகளோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், எழவில்லை. போன் போனால் மனசு தெளியும் என்று நம்பியிருந்தாள். உள்ளே இருந்தது அப்படியேதான் இருந்தது. இப்போது அதைச் சொல்ல வழியும் இல்லை. பாதி விடுதி காலி. சாப்பிட வராதவளை யாரும் தேடவில்லை.

வாயாடி திரும்பி வந்து கதவைத் தள்ளியபோது அவள் கண் திறந்திருந்தது. பேச்சில்லை.

ஆஸ்பத்திரியில் உடம்பு தேறும் என்றார்கள். மனசு எப்போது தேறும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

"ஆன்ட்டி, தினமும் அந்தப் போனைத் திறந்தது நான்தான்" என்றாள் வாயாடி.

"அப்ப நான் பார்த்தப்போ எல்லாம் அவ இப்படியேவா கிடந்தா?"

தையல்காரம்மா மகளின் கலைந்த முடியைக் கோதினாள். மகள் திரும்பவில்லை.

"நாளைக்கும் திறப்பியாம்மா?" என்று வாயாடியிடம் கேட்டாள் அம்மா. "கொஞ்ச நேரம் போதும். அதைப் பார்த்தாத்தான் எனக்கு விடியுது."

மறுநாள் காலை கட்டிலோரம் உட்கார்ந்து தையல்காரம்மா தன் போனை எடுத்தாள். பச்சைப் புள்ளி எரிந்தது. அது அணையும்வரை பார்த்துவிட்டுத்தான் மகள் பக்கம் திரும்பினாள்.