தனியாகக் கொட்டிய மண்

பதினான்காயிரத்து முந்நூற்றைம்பது. கூரைத் தகடு மாற்ற அஸ்திவாரம் தன் மச்சானிடம் வாங்கிய கடன் அது. முப்பது வருடமாகக் கட்டடங்களுக்கு அஸ்திவாரம் வெட்டியதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. மச்சான் என்றால் அவர் பெண்டாட்டியின் அண்ணன். மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறவர். நெடுஞ்சாலை வரப்போகிற பொட்டலின் ஓரத்தில் அந்த இயந்திரம் மூன்று வாரமாகச் சும்மா நின்றது. சாலை போடுமுன், பழங்காலத்துச் சங்கதி ஏதும் புதைந்திருக்கிறதா என்று பத்துக் குழி வெட்டிப் பார்க்கத் தொல்லியல் அதிகாரியம்மா வந்திருந்தார். வெட்டுகிறவர்களில் அஸ்திவாரமும் ஒருவர்.

"நீ தோண்டத் தோண்ட என் பொழப்புல மண்ணு விழுது, மாப்ள."

"பத்தும் காலின்னா வெள்ளிக்கிழமையோட என் பொழப்பும் முடிஞ்சுது, மச்சான். காசுக்குப் பதிலா என்னையே எடுத்துக்கங்க."

"உன்ன வச்சு நான் என்ன பண்ண? தங்கச்சியக் குடுத்ததே நஷ்டம்."

எட்டுக் குழியும் காலி. வியாழக்கிழமை ஒன்பதாவதில் இடுப்பளவு இறங்கியபோது மஞ்சள் தரையில் தட்டளவு கறுப்பு வட்டம் ஒன்று தெரிந்தது. மண்வெட்டி மெத்தென்று இறங்கியது. மெத்து மண் தட்டினால் கெட்டி வரும்வரை அள்ளிவிடுவதுதான் அஸ்திவார வேலை. கை தானாக அள்ளியது. முழங்கை ஆழம் போன பிறகுதான், மண் நிறம் மாறினால் தொடாமல் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே அதிகாரியம்மா சொன்னது உறைத்தது.

நாலு கூடை மஞ்சள் மண்ணைப் போட்டு மிதித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் இன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். மண்வெட்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேலே ஏறினார்.

"அம்மா, தப்பு நடந்துபோச்சு. கறுப்பு மண்ணு வந்துச்சு. பழக்க தோஷம், முழுசா அள்ளிட்டேன்."

அதிகாரியம்மா குழியில் இறங்கி, ஓட்டைக்குள் கையை விட்டுத் தடவினார்.

"அள்ளுன மண்ண மத்ததோட கலந்துட்டீங்களா?"

"இல்லம்மா. மெத்து மண்ணு திரும்ப நிரப்ப ஆகாது. எப்பவும் தனியாத்தான் கொட்டுவோம். அந்தா, சாக்கு மேல."

சலித்ததில் கரித்துண்டுகளும் கட்டைவிரல் அளவு பானை ஓடும் கிடைத்தன.

"மரத்தூண் நட்ட குழி இது. மரம் மக்கிக் கறுத்திருக்கு. ஒத்தத் தூண்ல யாரும் வீடு கட்டியிருக்க மாட்டாங்க. பக்கத்துல பாக்கணும்." ஏறும்போது திரும்பினார். "இனிமே கறுப்பக் கண்டா கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

அனுப்பவில்லை. அஸ்திவாரம் மண்வெட்டியோடு மறுபடி குழியில் இறங்கினார்.

குழியை அகலப்படுத்தியதில் சாயங்காலத்துக்குள் ஒரே வரிசையில் இன்னும் நான்கு வட்டங்கள். மறுநாள் சாலை அலுவலகம் தோண்டிப் பார்க்க ஆறு வாரம் தவணை கொடுத்தது. பொட்டல் முழுக்க மேல்மண்ணை மெல்லிசாகச் சீவ இயந்திரம் வேண்டும் என்றார் அம்மா. அதுதான் ஓரத்திலேயே நிற்கிறதே.

"பல்லில்லாத வாளிய மாட்டி, தரைக்குச் சவரம் பண்ணச் சொல்றாங்க," என்று மச்சான் முணுமுணுத்தார். ஆனால் விரற்கடை கனம்தான் சீவினார். வாளிக்கு முன்னால் அஸ்திவாரம் தரையைப் பார்த்தபடி நடந்தார். கறுப்பு தெரிந்தால் கையைத் தூக்குவார், இயந்திரம் நிற்கும்.

கடனை அஸ்திவாரம் வாரத்துக்கு இரண்டாயிரத்து அறுநூறாக ஐந்து சனிக்கிழமை கொடுத்தார். ஆறாவது சனிக்கிழமை மீதி ஆயிரத்து முந்நூற்றைம்பதை நீட்டினார். மச்சான் ஆயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவர் சட்டைப் பையிலேயே திணித்தார்.

"அந்தக் கறுப்பு மண்ணத் தனியாக் கொட்டுன பாரு, அதுக்கு."