துடைத்தது போதும்

நாத்தனார் வந்தால் அவளுக்கு முன்னால் அவள் குரல் வீட்டுக்குள் நுழையும். அன்றைக்குக் குரலுக்கும் முன்னால் ஓர் அட்டைப்பெட்டி நுழைந்தது. பெட்டி நிறைய, குழந்தையைத் துடைக்கிற வாசனை வைப்ஸ். ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் ஒரு வாத்து பல்லைக் காட்டிச் சிரித்தது. வாத்துக்கு ஏது பல் என்று கேட்கக் கூடாது. விற்கிறவன் வரைந்த வாத்து அது.

“இன்னும் பஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு உயிரை விடாதீங்க அண்ணி. ஒரு இழு, ஒரு துடை, வேலை முடிஞ்சுது. ரோஜா வாசனை வேற. நம்ம பொட்டலம் கமகமன்னு இருக்கும்.”

பொட்டலம் என்பது குழந்தை. பிறந்து பதினாறு நாள் ஆன பெண் குழந்தை. முதல் நாள் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது அப்பாக்காரன், “என்னங்க, பொட்டலம் கட்டிக் குடுக்கறீங்க” என்று கேட்டு வைத்தான். அவன் பஸ் ஓட்டுகிறவன். எதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பான். பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் எல்லோரும் பொட்டலம் என்றார்கள். பெற்றவள் மட்டும் ‘குழந்தை’ என்றாள்.

“சரி, அங்க வச்சிடு” என்றாள் அவள்.

அவளைக் கேட்டால் வைப்ஸும் ஒன்றுதான், பஞ்சும் ஒன்றுதான். சிக்கலே அதுதான். இந்தப் பதினாறு நாளும் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. குழந்தை அழுதால் எடுத்தாள், பசித்தால் பால் கொடுத்தாள், டயப்பர் கனத்தால் மாற்றினாள். உள்ளே மட்டும், பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மரத்துக் கிடந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளை மேல் பாசம் வரவில்லை என்று சொன்னால் ஊர் என்ன பார்வை பார்க்கும் என்று தெரியாதா? அப்புறம் குழந்தையைத் தனியாக அவளிடம் விட யோசிப்பார்கள். அந்தப் பயம்கூட, பக்கத்து வீட்டுக்காரர் பயத்தைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டது போலத்தான் இருந்தது.

வாத்து வேலையைக் காட்ட நான்கு நாள் போதுமானதாக இருந்தது. குழந்தையின் பின்புறமும் தொடை இடுக்கும் சிவந்து தடித்தன. பிள்ளை பெற்றவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் திங்கட்கிழமை வந்தாள். பருத்த, நிதானமான பெண்மணி. எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் பேச மாட்டாள்.

“பொறந்த புள்ளைத் தோலு பட்டாம்பூச்சி றெக்கைதான் போ” என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். “வைப்ஸே கூடாதுன்னு சொல்லமாட்டேன். வாசனை இல்லாதது, ஸ்பிரிட் கலக்காதது கிடைக்குது. இல்ல, மெத்துன்னு ஒரு பருத்தித் துணி. இல்ல, வெதுவெதுன்னு தண்ணியும் பஞ்சும். இப்போ புண்ணா இருக்கு, நானா இருந்தா பஞ்சுதான். ஆனா செய்யப்போறது நீ. உனக்கு எது கைக்கு வரும்?”

“பஞ்சு” என்றாள். யோசிக்கவே இல்லை.

“முன்னாலேருந்து பின்னால, ஒரே பக்கமாத் துடைக்கணும். ஒரு தடவை துடைச்ச பஞ்சை மறுபடி வைக்காதே. தேய்க்காதே, ஒத்தி எடு.”

“தெரியும்க்கா.”

உண்மையிலேயே தெரியும். கேமரா பழுது பார்க்கும் கடையில் ஒன்பது வருஷமாக லென்ஸ் துடைக்கிறவள் அவள். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, ஒரே திசையில், ஒரு பஞ்சுக்கு ஒரு இழுப்பு. ஒரு மூச்சுத் தடம்கூட இல்லாமல் அவள் துடைத்து வைத்தால் முதலாளி மறுபடி பார்ப்பதே கிடையாது. அந்தக் கைக்கு ஒரு மரியாதை உண்டு.

நர்ஸ் ஒரு வெள்ளைக் கிரீமையும் கொடுத்து, கனமாகப் பூசச் சொன்னாள். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பிள்ளை பெற்ற எல்லோரிடமும் கேட்கிற கேள்விகள், பக்கத்தில் டிக் அடிக்கக் கட்டங்கள். “குழந்தையைப் பாக்கும்போது சந்தோஷமா இருக்கா? எப்பவும், சில நேரம், இல்லை. இதுல எது?”

“எப்பவும்.”

நர்ஸ் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு டிக் அடித்தாள்.

அன்றிலிருந்து மேசை பட்டறை ஆயிற்று. ஒரு கிண்ணத்தில் வெந்நீர், ஒரு கிண்ணத்தில் பஞ்சு உருண்டைகள், கழுத்து வளையும் விளக்கு, அலமாரியிலிருந்து எடுத்த பூதக்கண்ணாடி. ஒவ்வொரு தடவையும் மலம், மூத்திரம், பழைய கிரீம் எல்லாவற்றையும் எடுத்து, மடிப்புக்குள் ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லாமல் ஆக்கி, அப்புறம்தான் புதுக் கிரீம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. குழந்தை வீறிட்டுக் கத்தும். சத்தம் சத்தமாகவே காதில் விழும். கை நிற்காது.

“நம்ம பொட்டலத்துக்கு சர்வீஸ் வாரண்டி எத்தனை வருஷம்?” என்று வாசலில் நின்று கேட்டான் கணவன். அவள் நிமிரவில்லை. வருத்தமும் இல்லை. இத்தனை நாளில் அவளுக்கு ஒத்துவந்தது இது ஒன்றுதான். வேலை, பாசம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. சுத்தமா என்றுதான் கேட்கும்.

மூன்றாம் நாள் சிவப்பு கூடியது. நான்காம் நாள் காலையில், தொடை இடுக்கில் தோல் உரிந்து இரண்டு இடத்தில் ஈரமாக மின்னியது.

அவள் வேலையில் குறை இருக்க முடியாது. அப்படியென்றால் வேறு யாரோ கெடுக்கிறார்கள். அவள் குளிக்கப் போகும் நேரத்தில் தினம் ஒரு தடவை டயப்பர் மாற்றுகிறவன் யார்? அலமாரியைத் திறந்தாள். ஒரு வாத்துப் பாக்கெட் புதிதாகப் பிரிக்கப்பட்டுப் பாதி காலியாகக் கிடந்தது.

அவன் ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பாக்கெட்டை அவன் முன்னால் நீட்டினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“இதை எடுத்தீங்களா?”

அவன் திருதிருவென்று முழித்தான். “எடுத்தேன்.”

“நர்ஸ் அக்கா சொன்னது காதுல ஏறலையா? தோலு உரிஞ்சு கிடக்கு. நான் நாளெல்லாம் நின்னு செய்யறேன், நீங்க ஒரு நிமிஷத்துல அத்தனையும் பாழாக்கறீங்க.”

“ஐயோ, பொட்டலத்துக்கு இல்லம்மா. ஸ்டீரிங்கைத் துடைச்சேன். பிசுபிசுன்னு இருக்குதேன்னு. இப்போ பஸ்ஸே ரோஜாத் தோட்டம் மாதிரி இருக்கு. வேணா ஏறினவங்க யாரையாவது கேட்டுப் பாரு.”

அவள் சிரிக்கவில்லை. “அப்போ குழந்தையை எதால துடைக்கறீங்க?”

“உன் பஞ்சாலதான். ஆனா உன்னை மாதிரி எனக்கு வராது. அழுக்கை மட்டும் எடுத்துட்டு அந்த வெள்ளையை அப்படியே விட்டுடுவேன். சோம்பேறித்தனம்தான், ஒத்துக்கறேன்.” செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான். “நான் துடைச்சா அது அழறதில்ல. நீ துடைக்கறப்பதான் அப்படி அழுவுது. சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்லலை.”

அவள் உள்ளே போனாள். குழந்தை விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தது. டயப்பரைப் பிரித்து, விளக்கை வளைத்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிந்தாள்.

மடிப்பின் ஓரத்தில் தோல் மெலிந்து, பளபளத்து, கீறல் கீறலாக இருந்தது. இதை அவள் இதற்கு முன் பார்த்திருக்கிறாள். ஒரு பல் டாக்டர் தன் விலை உயர்ந்த லென்ஸைத் தினமும் துடைத்துத் துடைத்து, மேலே இருந்த பூச்சு தேய்ந்துபோய்க் கடைக்குக் கொண்டுவந்தார். அவர் போன பிறகு முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். “தூசியால கெட்ட லென்ஸை நான் பார்த்ததே இல்ல. இந்த ரிப்பேர் பெட்டியில இருக்கறது அத்தனையும் துடைச்சுக் கெடுத்ததுதான்.” அன்றைக்கு அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கிரீம் அழுக்கில்லை. அது பூச்சு. பத்துப் பதினைந்து நிமிஷம் தேய்த்துத் தேய்த்து, இந்தத் தோலுக்கு இருந்த ஒரே காவலை நாளைக்குப் பத்துத் தடவை எடுத்தது அவள் கை. குழந்தை அழுது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்பன் காதில் விழுந்தது, அவள் காதில் விழவில்லை.

வலித்தது. எங்கிருந்து என்று தெரியாமல் நெஞ்சுக்குள் சுருக்கென்று வலித்தது, பிறகு நிற்கவில்லை. பூதக்கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கி எல்லாம் மங்கியது. மூக்கு ஒழுக, வாய் கோணி, பார்க்கச் சகிக்காத ஓர் அழுகை அழுதாள். கணவன் வாசலில் வந்து நின்றான். செருப்பு இன்னும் அவன் கையிலேயே இருந்தது.

அடுத்த தடவை மாற்றும்போது அழுக்கை மட்டும் ஒத்தி எடுத்தாள். மடிப்புக்குள் வெள்ளை திட்டுத்திட்டாக நின்றது. கை பரபரத்தது. ஒரு இழுப்பு, ஒரே ஒரு இழுப்பு போதும், பளிச்சென்று ஆகிவிடும். பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மேலாகப் புதுக் கிரீமைப் பூசினாள். குழந்தை அழவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நர்ஸ் வந்தபோது சிவப்பு வெளிறியிருந்தது, உரிந்த இடத்தில் புதுத் தோல் வந்திருந்தது. அவள் நடந்ததைச் சொன்னாள். “கிரீமைத் துடைச்சு எடுக்காதேன்னு நான் சொல்லலையா? அடடா, அது என் தப்பு” என்று நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு தாளை எடுத்தாள். “பழைய கேள்விதான். குழந்தையைப் பாக்கும்போது சந்தோஷமா இருக்கா?”

கணவன் மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

“இல்ல” என்றாள். “போன தடவை பொய் சொன்னேன்க்கா.”

துணி மடிக்கிற கை நின்றது.

“சந்தோஷம்னு ஒண்ணும் வரலை. பொறந்த நாள்லேருந்தே வரலை. எனக்கு ஒண்ணுமே தெரியலை. ஆனா என் கையாலயே அவளுக்கு எரிஞ்சிருக்குன்னு நினைச்சா வலிக்குது. அது ஒண்ணுதான் இருக்கு. அதுக்கு ஏதாவது கட்டம் இருக்கா?”

நர்ஸ் தாளை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள்.

“இல்லையேம்மா” என்றாள். பிறகு, “ஓரத்துல எழுதிக்கறேன்” என்று எழுதினாள். எழுதி முடித்ததும் அடுத்த வீட்டுக்குக் கிளம்பவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “இந்த மாதிரி நிறைய பேருக்கு இருக்கும்மா. இதுக்கு டாக்டர் இருக்காங்க, நானே கூட்டிட்டுப் போறேன். இப்ப முதல்லேருந்து சொல்லு” என்றாள்.

அவள் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. கணவன் எழுந்தான். அவள் கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னாள்.

“கொஞ்சம் இருங்கக்கா” என்று எழுந்தாள். “பொட்டலத்தைப் பார்த்துட்டு வந்துடறேன்.”